பாதையின் உரிமையும் நம் வண்டியின் வெளிச்சமும்



எங்கள் மர்ஹூம் அத்தா விட்டுச் சென்றவற்றுள் 1986 ஆம் ஆண்டின் அம்பாசடர் கார் ஒன்றும் உண்டு. நாகலூரில் எங்கள் வீட்டுக்கு அருகே, சில்வர் ஓக் மரங்களின் நிழலில் அது நிற்கிறது. மிளகு மூட்டைகள் அதில் சேலத்திற்கு இறங்கின. ஜுமுஆவுக்கு ஏற்காட்டுப் பள்ளிவாசலுக்கு எங்களை ஏற்றிச் சென்றதும் அதுதான். பேறுகாலத்தில் நள்ளிரவில் மலையிறங்கிய எங்கள் வீட்டுப் பெண்கள் அதன் பின்னிருக்கையில் திக்ரு செய்தபடியே சென்றிருக்கிறார்கள். ஆகவே அதை விற்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. அதன் முகப்பு விளக்குகள் மிகவும் மங்கியிருந்தன. கார்த்திகை, மார்கழி மாதங்களில் மஃரிபுக்குப் பின் சேர்வராயன் மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால், வளைவுக்கு அப்பால் இருப்பது பாதையா பள்ளமா என்று தெரியாது. "கண் தெரியாத கிழவனின் கையைப் பிடித்து நடப்பதுபோல் இருக்கிறது" என்று அம்மா சொல்வார்கள். அடுத்த தெருவில் ஒருவர் தம் வண்டிக்கு எல்.இ.டி. பல்ப் மாட்டியிருந்தார், அதன் வெளிச்சம் நிலவைப்போல் வெண்மையாக இருந்தது. நாங்களும் சேலத்தில் ஒரு கடையில் அதே வகை பல்புகளை வாங்கி மாட்டிக்கொண்டோம். பழைய பல்பைக் கழற்றி அதே இடத்தில் புதியதைச் செருகியதோடு வேலை முடிந்தது. அன்றிரவு வீடு திரும்பும்போது மரத்தின் ஒவ்வோர் இலையும் தெரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நாங்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

பத்து நாள் கழித்து, இஷாத் தொழுகை முடிந்து ஏற்காட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மெல்லிய பனி. ஒரு மேட்டில் ஏறுகையில் எதிரே ஓர் இருசக்கர வாகனம் இறங்கி வந்தது. அது எங்களை நெருங்கும் முன்பே தடுமாறி, பாதையோரக் காப்பித் தோட்டத்தின் கல்கட்டில் மோதிச் சாய்ந்தது. வண்டியில் கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவருக்கு முழங்கை சிராய்த்திருந்தது. அந்த அம்மையாரின் கணுக்கால் பிசகியிருந்தது. நாங்கள் இறங்கி ஓடி, அவர்களை எங்கள் காரிலேயே ஏற்றி மருத்துவரிடம் கொண்டு சென்றோம். வழி நெடுக அவர் எங்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். "பனியில ஒண்ணுமே தெரியல பாய். நல்ல வேளை, நீங்க வந்தீங்க" என்றார்.

அந்த நன்றி எங்கள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அவர் கண்ணை மறைத்தது பனி மட்டும்தானா?

மறுநாள் மாலை இருட்டிய பிறகு, காரின் விளக்கை டிம்மில் எரியவிட்டு, எங்களில் ஒருவர் இருபது அடி தள்ளி எதிரே போய் நின்று பார்த்தோம். கண் கூசி நீர் வழிந்தது. விளக்கை அணைத்த பிறகும் சிறிது நேரம் எதுவும் புலப்படவில்லை. விடை கிடைத்துவிட்டது. அன்று காரை ஓட்டியது எங்களில் எவர் என்பது முக்கியமன்று. பல்பை மாட்ட முடிவு செய்தது நாங்கள் அனைவரும்தான்.

இது ஏன் நேர்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஏனெனில் பலருடைய வண்டிகளிலும் இதே தவறு இருக்கக்கூடும். முகப்பு விளக்கில் ஒளியைத் தருவது பல்ப். அதைத் திசைப்படுத்துவது அதன் பின்னுள்ள குழிந்த கண்ணாடியும் முன்னுள்ள வரியிட்ட கண்ணாடியும். அத்தா பல ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் காரில் எச்4 வகை ஹாலஜன் பல்பைப் பொருத்தியிருந்தார்கள். அதனுள் இரண்டு இழைகள் உண்டு: தூர வெளிச்சத்திற்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழையின் அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழ்நோக்கிச் செல்லும் ஒளியைத் தடுத்து, எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறக்கூடிய கதிர்களை மறைத்துவிடும். இழை மயிரிழை அளவு இடம் மாறினாலும் இந்த ஒழுங்கு குலைந்துபோகும். நாங்கள் மாட்டிய எல்.இ.டி. பல்பில் ஒளிரும் சில்லுகள் இழை இருந்த இடத்தில் சரியாக அமையவில்லை. ஆகவே பாதையில் விழவேண்டிய வெளிச்சம் மரத்தின் உச்சியிலும் மனிதரின் முகத்திலும் விழுந்தது. இலையெல்லாம் தெரிகிறதென்று நாங்கள் மகிழ்ந்தோமே, அதுவே பிழையின் அடையாளம்! மலைப்பாதையில் இந்தத் தீங்கு இரட்டிப்பாகும். மேட்டில் ஏறும் வண்டியின் முகப்பு இயல்பாகவே வானத்தை நோக்கி உயர்கிறது.

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைஸம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலை எழுதினார். கடும் ஒளியை நோக்கினால் கண் வலிக்கிறது என்னும் எளிய அனுபவத்தையே அவர் ஒரு சான்றாக எடுத்துக்கொண்டு, ஒளி கண்ணில் வினைபுரிகிறது என்று நிறுவினார். நம் முன்னோர் அறிவாக ஆராய்ந்ததை நாங்கள் பிறர்க்குத் தீங்கிழைத்துத்தான் கற்றுக்கொண்டோம்.

சட்டமும் இதைப் பேசாமல் விடவில்லை. வண்டிக்கு 8 மீட்டர் முன்னால், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாதபடி விளக்கின் ஒளி தாழ்ந்திருக்க வேண்டும் என்பதே 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் கருத்து. அது ஏறத்தாழ நிற்கும் மனிதனின் கண்மட்டம்.

ஆனால் எங்களை உறங்கவிடாமல் செய்தது சட்டமன்று. அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டியதில் குறை வைத்தால் அவனிடம் தவ்பா செய்யலாம். அடியாருக்கு இழைத்த தீங்கிற்கோ அந்த அடியாரிடமே பொருத்தம் கேட்க வேண்டும். உண்மை தெரியாத ஒருவர் எங்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் வாய் திறக்காவிட்டால் அவர் ஒருபோதும் அறியப்போவதில்லை. "சொன்னால் வழக்கு, வம்பு என்று வளரும்" என்று உறவினர் ஒருவர் எச்சரித்தார். அம்மா மட்டும், "அவர் இங்கே கேட்காவிட்டால் மறுமையில் கேட்பார். எது எளிது?" என்றார்கள். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனோம். நடந்ததை மறைக்காமல் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. அந்த அம்மையார் கட்டுப்போட்ட காலைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். எங்களுக்கு அந்த மௌனம் மிக நீண்டதாக இருந்தது. பிறகு அவர், "வெளிச்சம் கண்ணுல அடிச்சது உண்மைதான் பாய். ஏத்திட்டுப் போய் வைத்தியம் பார்த்தவங்ககிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்" என்றார். நாங்கள் தலை குனிந்தோம். மருத்துவச் செலவையும், அவர்கள் இழந்த நாட்கூலியையும், வண்டியைச் செப்பனிடும் செலவையும் ஏற்றுக்கொண்டோம். மன்னிப்பை அவர் வாயால் கேட்டுப் பெற்றோம். அந்த அம்மையார் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மொதல்ல அந்த லைட்ட மாத்துங்க."

மாற்றினோம். இம்முறை அவசரப்படவில்லை. பழைய ஹாலஜன் பல்பு ஏன் மங்கியது என்று ஒரு முதிய மின்பணியாளர் ஆராய்ந்து காட்டினார். குற்றம் பல்பில் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிய மெல்லிய கம்பிகளிலும் தேய்ந்த சுவிட்சிலும் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துபோயிருந்தது. மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஹாலஜன் பல்பின் ஒளி ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்துவிடும். பேட்டரியிலிருந்து நேராகப் புதிய கம்பி இழுத்து, ஒரு ரிலேயை இடையில் வைத்து, மண் இணைப்பைச் சுரண்டித் தூய்மை செய்தார். மங்கிப்போன பிரதிபலிப்புக் கிண்ணங்களையும் மாற்றினார். அதே 55 வாட்டில் பாதை தெளிவாகத் தெரிந்தது.

பின்னர் விளக்கின் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். நாகலூரில் சமதளம் தேடினால் காப்பி உலர்த்தும் களம்தான் கிடைக்கும். களத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தினோம். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, விளக்கின் உயரத்தைவிட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தாழ்வாகச் சுவரில் விழும்படி திருகினோம். பின்னிருக்கையில் ஆள் அமர்ந்தால் முகப்பு உயரும் என்பதால் அம்மாவையும் பிள்ளைகளையும் உட்காரவைத்தே அளந்தோம்.

எல்.இ.டி.யை முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை. அது நல்ல கண்டுபிடிப்பு. நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகியோருக்கு 2014 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. உத்தர்பாராவில் அம்பாசடரின் உற்பத்தி நின்றதும் அதே ஆண்டில்தான். பின்புறத்தில் எல்.இ.டி. பெரும் நன்மை தருகிறது. பிரேக்கை மிதித்ததும் இழை பல்ப் சூடேறி எரிவதைவிட ஏறக்குறைய 0.2 நொடி முன்னதாக அது ஒளிர்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவருக்கு இது 2 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தைத் தருகிறது. சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு எல்.இ.டி.யே வேண்டும்; வெண்மை வைத்தால் நிறம் வெளிறும். இண்டிகேட்டருக்கு மஞ்சள். எல்.இ.டி. குறைந்த மின்சாரமே இழுப்பதால், சூட்டினால் இயங்கும் பழைய ஃபிளாஷர் சிமிட்டாமல் நின்றுவிடும், அல்லது தாறுமாறாகச் சிமிட்டும். அதற்கு மின்னணு ஃபிளாஷர் ஒன்றை வைத்தோம்.

பனிமூட்டத்திற்கு மிகுந்த வெளிச்சமே மருந்து என்றெண்ணியது எங்கள் மற்றொரு மயக்கம். பனித்துளிகள் ஒளியை நம் கண்ணுக்கே திருப்பியனுப்புகின்றன. வெளிச்சத்தைக் கூட்டக் கூட்டத் திரை வெண்மையாகிறதே தவிர விலகுவதில்லை. பனிக்கு மருந்து தாழ்ந்த வெளிச்சமும் குறைந்த வேகமுமே.

பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்பதை நாம் மக்தபில் சிறுவயதிலேயே ஓதியிருக்கிறோம். முள், கல் என்றே அதற்குப் பொருள் கொண்டோம். நம் வண்டியின் விளக்கே அந்த முள்ளாக இருக்கக்கூடும் என்று நினைத்ததில்லை. பாதைக்குரிய கடமைகளை நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியபோது பார்வையைத் தாழ்த்துவதையும் பிறருக்குத் தொல்லை தராதிருப்பதையும் சேர்த்தே கூறினார்கள். இப்போதெல்லாம் எதிரே ஒரு வண்டி தெரிந்தவுடன் டிம் சுவிட்சை நோக்கிக் கை போகும்போது, இந்த நினைவும் கூடவே வருகிறது.

சகோதரர்களே, இன்றிரவு உங்கள் வண்டியை நிறுத்தி, விளக்கை எரியவிட்டு, எதிரே போய் ஒருமுறை நின்று பாருங்கள். நம் கண்ணுக்கு ஒளியைத் தந்த இறைவன், அந்த ஒளியால் பிறர் கண்ணை மறைக்காத மக்களாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.