தாத்தாவின் மட்டை

இது பூஜை அறிவிப்பு இல்லை, எங்க வீட்டு விஷயம்.

எங்க அப்பா தோட்டத்து கோல்ஃப் திடலில் கேடியா இருந்தவர். போன வருஷம் தவறிட்டார். அவர் வச்சிருந்த பழைய மட்டைகளில்தான் ஆடுவேன்னு எங்க 12 வயசு மகள் பிடிவாதம். 7ஆம் நம்பர் அயர்ன் 37 அங்குலம். வீசும்போது பிடியின் நுனி அவள் வயிற்றில் இடிக்குது.

வெட்டலாம்தான். ஆனா அப்பா கை பட்ட பொருள், வெட்டினா ஒட்ட முடியாது. ரெண்டு வாரம் தள்ளிப்போட்டோம். கடைசியில் அம்மாதான், "மூலையில கிடக்கிறதுக்கு பிள்ளை கையில இருக்கட்டும்"னாங்க.

தலைப் பக்கம் தொடக்கூடாது, பிடிப் பக்கம்தான் வெட்டணும். ரப்பர் பிடியைக் கீறி உரிச்சு, ஸ்டீல் தண்டை ஹாக்சா பிளேடால் ஒரு அங்குலம் அறுத்தோம். ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் சுத்தி, தின்னர் ஊத்திப் புதுப் பிடி மாட்டினோம்.

மகள் வீசிப் பார்த்துட்டு, "தலை இருக்கிறதே தெரியலப்பா"ன்னா. அரை அங்குலம் குறைச்சாலே வீச்சு எடை சுமார் 3 புள்ளி இறங்கிடுமாம். தலைக்குப் பின்னால் 12 கிராம் ஈய டேப் ஒட்டினதும் சரியாச்சு.

இவள் உயரமா இருக்கிறதால துணிஞ்சோம். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவங்க மட்டையை வெட்டித் தராதீங்க, கனம் தாங்காது.

மத்த மட்டைகளை இன்னும் தொடல. வெட்டின தண்டு கொஞ்சம் விறைப்பாவும் இருக்கு. அதுக்கு வழி தெரிஞ்ச அண்ணன்மார், சனிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்க வரும்போது சொல்லுங்க.