தாளில் இறங்காத நிறம்

ஆதிச்சநல்லூருக்கு உம்மாவை அழைத்துக்கொண்டு நாம் சென்றது 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில். காயல்பட்டினத்திலிருந்து நெல்லை செல்லும்போதெல்லாம் அந்தப் பறம்பைச் சாலையிலிருந்தே பார்த்துக் கடந்துவிடுவது நம் வழக்கம். தாமிரபரணியின் தென்கரையில் உள்ள அவ்விடத்தை 1876-இல் ஜெர்மனியரான ஜாகோர் தோண்டிப் பார்த்தார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். 2023 ஆகஸ்ட் 5 அன்று கள அருங்காட்சியகம் திறக்கப்பட்ட பின்னர், அகழ்ந்த குழிகளையும் அவற்றினுள் கிடக்கும் தாழிகளையும் கண்ணாடித் தளத்தின் மேல் நின்றே காண முடிகிறது.

உம்மா வெகுநேரம் குனிந்து பார்த்தார்கள். “எந்தத் தாய் பெற்ற பிள்ளைகளோ!” என்று மட்டும் சொன்னார்கள். வெளியே வந்ததும் ஒரு வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லிக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தோம். அரக்கு நிறச் சேலை, மேலே வெள்ளைத் துப்பட்டி, முகத்தில் களைப்பும் சிரிப்பும். அவ்வாண்டு முடிவதற்குள் உம்மா வஃபாத் ஆகிவிட்டார்கள். அதன்பின் எடுத்த படம் வேறில்லை.

படங்களைச் சுவரில் மாட்டும் பழக்கம் நம் வீட்டில் இல்லை. ஆயினும் ஆல்பத்தில் வைத்துக்கொள்ள ஒரு பிரதி வேண்டும் என்று ராத்தா கேட்டார்கள். கடைக்குக் கொடுப்பானேன், வீட்டிலேயே பிரிண்டர் இருக்கிறதே என்று நாமே அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ராத்தா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள், மேசைமேல் வைத்துவிட்டார்கள். “தம்பி, இது உம்மா முகம் இல்லை. நோயாளி முகம்” என்றார்கள்.

உண்மைதான். முகத்தில் பச்சை படர்ந்திருந்தது. அரக்குச் சேலை சேற்று நிறமாகியிருந்தது. துப்பட்டியின் மடிப்புகளில் பாசி பிடித்தாற்போல் ஒரு சாயல். நாம் அவசரப்பட்டோம். கைப்பேசியில் உள்ள படத்திலேயே சிவப்பைக் கூட்டி மீண்டும் அச்சிட்டோம். சேலை சற்றுத் தேறியது. முகமோ காவி பூசியதுபோல் ஆயிற்று. மேலும் திருத்தினோம், மேலும் கெட்டது. நம் மகள் தலையிட்டு, “வாப்பா, மூலப்படத்தைத் தொடாதீர்கள். நான் வேறிடத்தில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். முதலில் தாழியின் படத்தை அச்சிட்டுப் பாருங்கள்” என்றாள்.

அன்று எடுத்த தாழிப் படத்தை அச்சிட்டோம். செந்நிறத் தாழியும் அதே சேற்று நிறத்தில் வந்தது. வெவ்வேறு இடத்தில் எடுத்த இரண்டு படங்களிலும் ஒரே குறை என்றால், அக்குறை படத்தில் இல்லை, பொறியில் இருக்கிறது. இந்தச் சிறு தர்க்கம் நமக்கு ஏன் முன்பே தோன்றவில்லை?

கைப்பேசித் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளும் முழுமையாகக் கூடினால் வெண்மை. தாளில் நிலைமை தலைகீழ். மை ஒளியை விழுங்குகிறது. மைகள் கூடக்கூட இருள்தான் மிகும். அங்கே பசுநீலம், மெஜந்தா என்னும் ஊதாச்சிவப்பு, மஞ்சள், அவற்றோடு கறுப்பு ஆகியவையே கருவிகள். இவற்றுள் மெஜந்தா வராமற்போனால் எஞ்சிய நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சையாகும். சோதனைக் கோடுகளை அச்சிட்டபோது மெஜந்தாக் கோடுகள் அறுந்தறுந்து வந்தன. மாதக்கணக்கில் பயன்படுத்தாததால் நுண்துளைகளில் மை உலர்ந்து அடைத்திருந்தது.

மைத்தலையைத் துப்புரவு செய்யும் ஏற்பாடு பொறியிலேயே உண்டு. அது மையை நிறையக் குடிக்கும். எனவே ஓயாது செய்தலாகாது. இருமுறை செய்து, ஓர் இரவு ஓய்வு கொடுத்து, காலையில் மீண்டும் ஒருமுறை செய்தோம். கோடுகள் நிறைவாயின. மூலப்படத்தை அச்சிட்டதும் உம்மாவின் முகத்தில் இரத்த ஓட்டம் திரும்பிற்று.

எனினும் படம் இருண்டிருந்தது. திரையின் ஒளியை உச்சத்தில் வைத்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தாள் எப்போதும் இருட்டாகவே தோன்றும். திரையைத் தணித்து, அருகில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இரண்டின் வெண்மையும் ஏறத்தாழ ஒத்துவரும் வரை குறைத்தோம். அப்போதுதான் படமே சற்று இருண்டது என்பது தெரிந்தது. ஒரு பிரதியில் வெளிச்சத்தைச் சிறிதளவு கூட்டினோம்.

பிறகு இன்னும் இரண்டு பிழைகள் அகப்பட்டன. பளபளப்பான புகைப்படத் தாளை வைத்துவிட்டுப் பொறிக்குச் சாதாரணத் தாள் என்று சொல்லியிருந்தோம். தாளின் வகைக்கேற்பவே பொறி மையை அளக்கிறது. அத்துடன், செயலியும் நிறத்தைத் திருத்தியது, பொறியும் திருத்தியது. ஒரு குழம்புக்கு இருவர் உப்பிட்ட கதை! திருத்தும் உரிமையை ஒன்றிடம் மட்டும் விட்டோம். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றி, தாளின் பின்புறம் அதைக் குறித்தும் வைத்தோம்.

இறுதிப் பிரதியை ஒருநாள் உலரவிட்டு ராத்தாவிடம் எடுத்துச் சென்றோம். விளக்கொளியில் ஒத்திருக்கும் இரு நிறங்கள் பகலொளியில் பிரிந்து நிற்பதுண்டு. ஆதலால் சன்னலோரம் அமர்ந்தோம். ராத்தா பீரோவைத் திறந்து அந்த அரக்குச் சேலையையே எடுத்து வந்து படத்தின் அருகே விரித்தார்கள். இரண்டும் ஒத்திருந்தன. சற்றுநேரம் எவரும் பேசவில்லை.

துப்பட்டியின் ஓரத்தில் மட்டும் மெல்லிய பச்சை எஞ்சியிருந்தது. “இதையும் எடுத்துவிடவா?” என்று மகள் கேட்டாள். அப்போது நமக்கு இப்னு ஹைதம் நினைவுக்கு வந்தார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலை எழுதிய அப்பேரறிஞர், வெயில் பட்ட பசுந்தழைகளின் நிறம் அருகிலுள்ள சுவரிலும் வெள்ளாடையிலும் படிவதை அதில் சுட்டிக்காட்டியிருக்கிறார். உம்மா நின்றது வேப்பமரத்தடியில். முதற்பிரதியின் பச்சை, அடைபட்ட மைத்துளையின் பொய். இந்தப் பச்சையோ அன்று காலை அந்த மரம் உம்மாவின் துப்பட்டியின்மேல் உண்மையாகவே வீழ்த்தியது.

“அது இருக்கட்டும்” என்றோம். ராத்தாவும் தலையசைத்தார்கள்.

மனிதரைப் பற்றிய நம் கணிப்புகளும் பலவேளை இப்படித்தான் அமைகின்றன. நம் கண்ணின் துளை அடைபட்டிருக்க, எதிரே உள்ளவரைத் திருத்தப் புறப்படுகிறோம். வேறொரு முகத்தையும் அதே கண்ணால் பார்த்து ஒப்பிட்டுக்கொண்டால், குறை யாரிடம் என்பது விளங்கிவிடும். உம்மாவின் படம் இப்போது ராத்தாவின் ஆல்பத்தில் இருக்கிறது. பின்புறத்தில் ஊரும் ஆண்டும் எழுதியிருக்கிறோம். கெட்டுப்போன பிரதிகளையும் நாம் எறிந்துவிடவில்லை.