எட்டு நிமிட மேடை

மருத்துவ மாநாடு என்றதும் பலருக்கு நினைவில் எழுவது நட்சத்திர விடுதியும், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும், கையில் தரப்படும் பையும், வேளை தவறாத விருந்தும்தாம். அவ்வெண்ணத்தில் பாதி உண்மை இருப்பதால் அதை மறுக்க நான் முனைவதில்லை. ஆனால் இன்னார், இன்ன அரங்கில், இத்தனை மணிக்கு, இத்தனை நிமிடம் பேசுவார் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருக்கும் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு வழக்கு நடந்து தீர்ப்பாகியிருக்கிறது என்பதை வெளியார் அறியார். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவர்களின் வட்டாரச் சங்கம் ஒன்றில், அறிவியல் குழு உறுப்பினனாகச் சில ஆண்டுகள் இருந்தவன் நான். அந்த வழக்குகளில் ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

வேலை ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிடும். முதற் கூட்டத்தில் அறிவியலைப் பற்றி ஒரு சொல்லும் இராது. பேச்செல்லாம் நாட்காட்டியைப் பற்றியே. பொங்கல், நோன்பு மாதம், முகூர்த்த நாட்கள், முதுநிலை மாணவர்களின் தேர்வு, பெரும்பாலும் ஜனவரியில் கூடும் அகில இந்திய மாநாடு ஆகிய எல்லாவற்றையும் விலக்கியபின் எஞ்சும் நாட்களில் மண்டபம் கிடைக்க வேண்டும். வெள்ளி நண்பகலில் அமர்வு வைப்பதில்லை. ஜும்ஆவுக்குச் செல்வோர் மேடையிலும் உண்டு, அவையிலும் உண்டு. வட அமெரிக்கக் கதிரியல் சங்கத்தாருக்கு இந்தத் தொல்லையில்லை. 1915-இல் தோன்றிய அச்சங்கம், 1985 முதல் ஆண்டுதோறும் சிகாகோ நகரிலேயே நவம்பர் இறுதியை ஒட்டிக் கூடிவருகிறது; 2020-இல் மட்டும் பெருந்தொற்றின் காரணமாக இணையவழியே நடத்தினார்கள். நமக்கோ ஆண்டுக்கு ஆண்டு ஊர் மாறும். ஊர் மாறினால் சமையற்காரர் முதல் ஒலிபெருக்கிக்காரர் வரை எல்லாம் புதிதாகத் தேட வேண்டும்.

நாள் குறித்தபின் ஆய்வுச் சுருக்கங்களை வரவேற்று அறிவிப்புச் செல்லும். கட்டுரை வாசிக்க விரும்புவோர், தாம் எதை ஆராய்ந்தோம், எத்தனை நோயாளரைப் பார்த்தோம், என்ன கண்டோம் என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புவார்கள். கடைசி நாளின் நள்ளிரவில்தான் பாதிக்கு மேல் வந்து சேரும். பெயரையும் ஊரையும் மறைத்துவிட்டு மூன்று நடுவர்களுக்கு அனுப்புவோம். புதுமை, ஆய்வு முறை, பயன், எழுத்தின் தெளிவு என்று தனித்தனியே மதிப்பெண் இடுவார்கள். தம் துறையிலிருந்தே வந்த சுருக்கம் என்று ஐயம் தோன்றினால் நடுவர் விலகிக்கொள்ள வேண்டும். பெயரை மறைத்தாலும் மருத்துவமனையை மறைப்பது எளிதன்று. நாலு கோடிக்கு மேல் விலையுள்ள இயந்திரத்தில் எடுத்த படம், தான் எங்கிருந்து வந்தேன் என்பதைத் தானே சொல்லிவிடும்.

அவ்வாறு வந்தவற்றுள் ஒன்று ஓர் ஆண்டு என் மேசைக்கு வந்தது. மாவட்டத் தலைநகர் ஒன்றின் அரசு மருத்துவமனையில் பணிபுரிந்த இளம் பெண் மருத்துவர் எழுதியது என்பது பின்னர்தான் தெரிந்தது. கல் உடைக்கும் தொழிலாளர்களின் மார்பு எக்ஸ்ரேக்களை அவர் திரும்பப் பார்த்திருந்தார். கல் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போருக்குச் 'சிலிக்கோசிஸ்' என்னும் நுரையீரல் நோய் வரும். மேற்பகுதியில் சிறு சிறு புள்ளிகளாக அது படத்தில் தெரியும். காச நோயும் பெரும்பாலும் மேற்பகுதியையே பற்றும். அதனால் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு, மாதக்கணக்கில் காச மருந்து கொடுத்து, இருமல் நிற்காமல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது நம் நாட்டில் பழகிப்போன துயரம். தூசி படிந்த நுரையீரலில் காசமும் எளிதில் குடியேறும் என்பதால் சிக்கல் இரட்டிப்பாகிறது. தொழில் என்ன என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அதே படத்தைப் பார்த்தால் எத்தனை பிழைகள் குறையும் என்பதே அச்சுருக்கத்தின் பொருள்.

இரு நடுவர்கள் புதுமை என்ற கட்டத்தில் மிகக் குறைவாக இட்டிருந்தார்கள். சாதாரண எக்ஸ்ரே, பழைய நோய், இதில் புதிதென்ன? மூன்றாமவர் பயன் என்ற கட்டத்தில் முழு மதிப்பெண் இட்டிருந்தார். கூட்டிக் கழித்து இறுதி நாள் காலை எட்டு மணிக்குச் சிற்றரங்கில் எட்டு நிமிடம் என்று ஒதுக்கினோம். முன்னிரவு விருந்துக்குப் பின் அந்த நேரத்துக்கு யார் எழுந்து வருவார்கள் என்பது மாநாடு கண்டவர்களுக்குத் தெரியும்.

அதே நிரலில் இரண்டாம் நாள், பேரரங்கில், உணவுக்கு முந்திய அரைமணியை ஓர் இயந்திர நிறுவனத்தார் கேட்டிருந்தார்கள். கேட்டார்கள் என்பதைவிட, கொடுக்கும் தொகையோடு சேர்த்து எழுதியிருந்தார்கள் என்பது பொருந்தும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பதிவுக் கட்டணம் மண்டபத்துக்கும் உணவுக்குமே போதாது. கண்காட்சிக் கூடத்தில் இடம் வாடகைக்கு விட்டுத்தான் கணக்கை நேர் செய்கிறோம். மருத்துவர்கள் நிறுவனங்களிடமிருந்து பரிசோ பயணச் செலவோ பெறலாகாது என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரில் விதி செய்தது. அவ்விதி முதலில் மருத்துவர் சங்கங்களையும் கட்டியது; 2016-இல் சங்கங்கள் என்ற சொல்லை நீக்கிவிட்டார்கள். தனி மனிதனாக நான் வாங்கக் கூடாததைச் சங்கமாகக் கூடி வாங்கலாம் என்னும் இந்த ஏற்பாடு எனக்கு இன்னும் செரிக்கவில்லை. ஆயினும் பொருளாளரின் முகத்தைப் பார்த்தால் வாய் திறக்க மனம் வராது.

இம்முறை திறந்தேன். நிறுவன உரையைக் காலை எட்டு மணிக்கும், அந்த எக்ஸ்ரே கட்டுரையை உணவுக்கு முந்திய நேரத்துக்கும் மாற்ற வேண்டும் என்றேன். குழுவின் மூத்த பேராசிரியர் சிரித்தார். "பாய், பணம் கொடுக்கிறவனை விடியற்காலையில் பேசச் சொல்லலாமா?" என்றார். "சார், பணம் கொடுக்காதவர்களை மட்டும் சொல்லலாமா?" என்றேன்.

வாதம் நெடுநேரம் நடந்தது. நம் துறையின் வரலாற்றையே சாட்சிக்கு அழைத்தேன். 1895 டிசம்பர் இறுதியில் ரான்ட்ஜன் தம் கட்டுரையை வூர்ட்ஸ்பர்க் நகரத்து இயற்பியல் மருத்துவச் சங்கத்திடம் தந்தபோது, அது அவையில் வாசிக்கப்படும் முன்பே அச்சேறியது. வழக்கத்தை அவருக்காக வளைத்தார்கள். 1896 ஜனவரி 23 அன்றுதான் அவர் அந்த அவையில் பேசினார். உடற்கூற்றறிஞர் கோலிக்கரின் கையை அங்கேயே படம் எடுத்துக் காட்டினார். 1972 ஏப்ரலில் பிரிட்டிஷ் கதிரியல் கழகத்தின் மாநாட்டில் சி.டி. ஸ்கேனை முதன்முதலாக எடுத்துரைத்த ஹவுன்ஸ்ஃபீல்டு, இசைத்தட்டுக்குப் பேர்போன நிறுவனத்தின் பொறியாளர், மருத்துவரல்லர். மறுபுறம், எம்.ஆர்.ஐ.க்கு வித்திட்ட லாட்டர்பரின் கட்டுரையை 'நேச்சர்' இதழ் முதலில் திருப்பி அனுப்பிற்று. அவர் வற்புறுத்தியதால் 1973-இல் வெளியிட்டது. 2003-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

"அந்தப் பெண் ரான்ட்ஜன் அல்ல" என்றார் ஓர் உறுப்பினர். உண்மைதான். அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் நம்மில் எத்தனை பேர் நாளொன்றுக்கு நூறு மார்பு எக்ஸ்ரேக்களைப் பார்த்துக் கையொப்பமிடுகிறோம், எத்தனை பேர் தொழில் என்னவென்று கேட்கிறோம் என்று பேராசிரியரே திருப்பிக் கேட்டார். அதுவரை எனக்கு எதிராகப் பேசிவந்தவர் அவர். கூட்டம் சற்று நேரம் பேசாமல் இருந்தது. நிறுவனத்தாரிடம் தாமே தொலைபேசியில் சொல்வதாகவும் ஒப்புக்கொண்டார். தொகையில் ஒரு பகுதி குறைந்தது. பொருளாளர் தோற்பையைத் துணிப்பையாக்கிச் சரிக்கட்டினார்.

நிறுவனத்தார் காலை எட்டு மணி உரைக்கு இட்லியும் வெண்பொங்கலும் ஏற்பாடு செய்திருந்தார்கள். அரங்கு நிறைந்தது. அன்று உணவுக்கு முன் பேரரங்கில் அந்த இளம் மருத்துவர் எட்டு நிமிடத்தில், பதற்றத்தோடு, பன்னிரண்டு படங்களைக் காட்டினார். ஒவ்வொன்றையும் முதலில் தொழிலைச் சொல்லாமல் காட்டி, அவையோரைக் கை உயர்த்தச் சொன்னார். பிறகு தொழிலைச் சொன்னார். ஏழாவது படத்துக்குமேல் யாரும் அவசரப்பட்டுக் கை உயர்த்தவில்லை.

கேள்விகளுக்கு இரண்டு நிமிடம் என்று நிரலில் இருந்தது. மணி அடித்தும் நிற்கவில்லை. சமையற்காரர் இருமுறை வாயிலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பின்னர் உணவு வரிசையிலும் அவரைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தை நீட்டினார். அந்தப் பெண் வெறுந்தட்டை ஏந்தியபடியே அதைப் பெரிதாக்கிப் பார்த்து, "இவர் என்ன வேலை செய்கிறார், சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.