பெட்டிக்கு வெளியே

தேனீ வளர்ப்பவர் வீட்டில் பிறந்தவன் நான். குமரி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டங்களை ஒட்டிய சிற்றூர். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் தேனீக்களிடையே ஒரு வைரஸ் நோய் பரவியது. புழுக்கள் நீர் நிறைந்த பைகளைப்போல் ஆகி அடைகளிலேயே மடிந்தன. அப்பாவின் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து பரணுக்கு ஏறின. பிற்பாடு, பெரிய பெட்டிகளில் வேறொரு தேனீ வந்தது. ‘இத்தாலியன்’ என்றே ஊரில் பெயர். என் கல்லூரிப் படிப்பு அதன் தேனை விற்ற பணத்தில் நடந்தது. எனவே, தேனீயைக் காப்பது இயற்கையைக் காப்பது என்று எவர் சொன்னாலும் மறுபேச்சின்றித் தலையசைப்பேன். எங்கள் கல்லூரித் தோட்டத்தில் இருபது பெட்டிகள் வைக்கலாம் என்று இவ்வாண்டு முன்மொழிந்தவனும் நானே.

அந்த வாரத்தில்தான் ஜன்னுத்ரி தீவைப் பற்றி வாசித்தேன். இத்தாலியின் தஸ்கனிக் கரைக்கு அப்பால் உள்ள சின்னஞ்சிறு தீவு. பரப்பு 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2018இல் அங்கே 18 தேனீப் பெட்டிகள் கொண்டுவரப்பட்டன. ஆய்வாளர்கள் செய்தது எளிய காரியம். பூக்காலத்தின் சில நாட்களில் பெட்டிகளின் வாயிலை அடைத்துவிட்டுப் பூக்களைக் கவனித்தார்கள். அடைத்த நாட்களில் பூக்களில் எஞ்சிய மது ஏறத்தாழ 60 விழுக்காடும், மகரந்தம் 30 விழுக்காடும் கூடுதலாக இருந்தன. காட்டுத்தேனீக்கள் பூவில் நின்று நெடுநேரம் உறிஞ்சின. அவற்றுள் ஒன்று பம்பிள்பீ என்னும் உரோமம் அடர்ந்த பெருந்தேனீ. அதுவும் மற்றொரு காட்டினமும் நான்கே ஆண்டுகளில் 80 விழுக்காடு அளவுக்குக் குறைந்துபோயின என்கிறது 2025இல் வெளியான அந்தக் கட்டுரை. அந்த வீழ்ச்சிக்கு வளர்ப்புத் தேனீ மட்டுமே காரணம் என்று அறுதியிட்டுக் கூறிவிட முடியாது. ஆனால் பூவில் நடந்த பறிப்பு கண்ணெதிரே அளக்கப்பட்டது.

இது பகையன்று, எண்ணிக்கை. ஒரு பெட்டியில் பல்லாயிரம் தேனீக்கள். பெருந்தேனீயின் கூட்டிலோ சில நூறு. வளர்ப்புத் தேனீ பஞ்ச காலத்துக்குச் சேமிக்கிறது. தேவைப்பட்டால் வளர்ப்பவன் சர்க்கரைப் பாகு வைக்கிறான். பெருந்தேனீயின் சேமிப்போ சில நாட்களுக்கே போதும். பாகு வைக்க எவருமில்லை. குறைந்தால் கணக்கெழுதவும் எவருமில்லை.

பெருந்தேனீயை இமயமலைப் பகுதியில் காணலாம். நம் ஊரில் இல்லை. இங்கே அதன் சாயலில் இருப்பது, பட்ட மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டு. சங்கப் பாடல்களை நடத்தும்போது வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று கரும்பலகையில் எழுதி, எல்லாம் ஒன்றே என்பதுபோல் கடந்துபோயிருக்கிறேன். நான்கு பெயர் வைத்தவர்கள் பெட்டி வைத்தவர்கள் அல்லர். தேன் தருமா என்று கேட்காமல், பூவருகே நின்று பார்த்தவர்கள். நானோ இருபது ஆண்டுகள் அந்தச் சொற்களைக் கற்பித்தும், தேனீ என்றதும் பெட்டியை மட்டுமே நினைத்தவன்.

அப்பாவிடம் சொன்னேன். தம் தொழிலைப் பழிக்கிறேன் என்று வருந்துவாரோ என்ற தயக்கம் இருந்தது. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பெட்டிய எண்ணி வைக்கப்பிடாது மக்களே, பூவ எண்ணி வைக்கணும். பெட்டிக்கு வெளிய நிக்கதுக்கும் பசிக்கும்லா” என்றார்.

மறுநாள் தோட்டத்தைச் சுற்றி வந்தேன். நாலைந்து வேம்பு, ஒரு புங்கை, வேலியோரம் கொஞ்சம் தும்பை. இருபது பெட்டிகளுக்கு இது காணாது. திட்டத்தைத் திரும்பப் பெற்றபோது சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். வெட்டுவதற்காகக் குறியிட்டிருந்த பட்டுப்போன முருங்கையை மட்டும் விட்டுவைக்கச் சொன்னேன். அதில் விரல் நுழையும் அளவில் ஒரு துளை இருக்கிறது. மாலையில் அதன் வாயிலில் மரத்தூள் உதிர்ந்துகிடந்தது.