விசில் எங்கள் கைக்கு வந்தபோது

கூடைப்பந்து அணி மாணவியர்

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது பழமொழி. சென்ற ஆண்டு தோற்றுத் திரும்பிய எங்களைப் பார்த்துப் பலரும் இதையே கூறினர். கூடமும் சற்றுக் கோணலாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்க அன்று எங்களுக்கு வாய் வரவில்லை. அதற்கு விடை தேடியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இராயபுரத்தின் உப்புக் காற்றில் எங்கள் பள்ளிக் கூடைப்பந்து வளையம் ஆண்டுதோறும் துருப்பிடிக்கும். ஆண்டுதோறும் வண்ணம் பூசுவோம். அதன் கீழே மாலை நான்கரை மணிக்கு நாங்கள் பன்னிரண்டு பேர் கூடுவோம். துறைமுகத் தொழிலாளியின் மகள், காசிமேட்டு மீனவரின் மகள், திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஊழியரின் மகள், எண்ணூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவள் என்று எல்லாரும் எங்களில் உண்டு. தளத்தில் இறங்கிவிட்டால் அந்த வேற்றுமை எதுவும் எங்களுக்கு நினைவிராது.

சென்ற ஆண்டு மண்டல அளவிலான பள்ளிப் போட்டியில் அரையிறுதி வரை சென்றோம். எதிரணியும் திறமை வாய்ந்ததே. முதல் இரண்டு கால்பகுதிகளில், பந்துடன் ஓடும் எங்கள் தோழியரின் இடுப்பில் கை வைத்தே அவர்கள் தடுத்தனர். நடுவர் ஊதவில்லை. முறையிட்டோம். "பரவாயில்லை, விளையாடுங்கம்மா" என்றார். இன்று இவ்வளவு தொடலாம் போலும் என்று எண்ணி நாங்களும் அவ்வாறே ஆடத் தொடங்கினோம்.

இடைவேளைக்குப் பின் எல்லாம் மாறிற்று. அதே கை, அதே இடுப்பு. ஆனால் இப்போது விசில் ஒலித்தது. எங்கள் அணித்தலைவிக்கு மூன்றாவது பவுல், உடனே நான்காவது. ஐந்து பவுல் ஆனால் ஆட்டக்காரி வெளியேற வேண்டும் என்பது விதி. ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கையில் ஐந்தாவதும் வந்தது. அவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். 31–33 என்ற கணக்கில் தோற்றோம்.

திரும்பும் வழியில் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் எங்கள் வேன் ஒரு மணி நேரம் சிக்கிக்கொண்டது. அந்த ஒரு மணி நேரமும் எங்கள் கோபம் வளர்வதற்குப் போதுமாயிருந்தது. நோட்டுப் புத்தகத்திலிருந்து தாள்களைக் கிழித்து, நடுவர் மீது ஒரு புகார்க் கடிதம் எழுதினோம். பன்னிரண்டு பேரும் கையொப்பமிட்டோம்.

மறுநாள், காசிமேட்டில் மீன் விற்கும் அணித்தலைவியின் தாயார் பள்ளி வாசலில் எங்களைப் பார்த்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "காலையில ஒரு எடைக்கல்லு, சாயங்காலம் ஒரு எடைக்கல்லு வெச்சு நிறுத்தா, எவ எங்கிட்ட மீன் வாங்குவா?" என்றார். எங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் சொல்ல முடியாததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

கடிதத்தைத் தலைமையாசிரியைச் சகோதரியிடம் கொடுத்தோம். முழுவதும் படித்தார். மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "அடுத்த வாரம் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஹவுஸ் மேட்ச் இருக்கிறது. நீங்கள்தான் நடுவர்கள். அது முடிந்ததும் வந்து, இதை அனுப்பலாமா என்று சொல்லுங்கள்" என்றார். இதென்ன பெரிய வேலை என்று எண்ணி மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டோம்.

விசிலைக் கையில் தருமுன் எங்கள் உடற்கல்வி ஆசிரியை எங்களை உட்கார வைத்துச் சில செய்திகள் கூறினார். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் இவ்விளையாட்டைத் தோற்றுவித்தபோது அதற்கு 13 விதிகளே இருந்தன. அவற்றில் இரண்டு நடுவர்களைப் பற்றியவை. ஒருவர் பந்தைக் கவனிக்க வேண்டும். மற்றவர் ஆட்களைக் கவனிக்க வேண்டும். ஒரே ஆளால் இரண்டையும் காண இயலாது என்பதை அவர் அப்போதே அறிந்திருந்தார்!

விதி எழுதுவது எளிது, விடாமல் காப்பது அரிது என்பதற்கும் ஆசிரியை ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கை வைத்துத் தடுப்பது மிகுந்து ஆட்டம் மந்தமாயிற்று. 2012–13 பருவத்தில் ஆண்கள் ஆட்டங்களில் ஓர் அணியின் சராசரி 67.5 புள்ளிகளாகக் குறைந்தது. ஆகவே 2013இல் விதியை இறுக்கினர். பந்து வைத்திருப்பவர் மீது இரு கைகளையும் வைத்தல், முன்கையை மடக்கித் தடுத்தல், வைத்த கையை எடுக்காதிருத்தல், மீண்டும் மீண்டும் தொடுதல் ஆகிய நான்கும் பவுல் என்றனர். பருவத் தொடக்கத்தில் விசில் இடைவிடாது ஒலித்தது. நாளாக நாளாக நடுவர்களின் பிடி தளர்ந்தது. 2015இல் மீண்டும் வற்புறுத்த வேண்டியதாயிற்று. ஊதியம் பெறும் நடுவர்களுக்கே இந்நிலை என்றால் எங்களுக்கு?

அது நீல அணிக்கும் மஞ்சள் அணிக்கும் நடந்த ஆட்டம். எங்களில் இருவர் விசில் எடுத்தோம். முதல் ஐந்து நிமிடத்தில், பந்தைத் தட்டாமல் ஓடியவர்களுக்கெல்லாம் டிராவலிங் ஊதினோம். ஆட்டம் நகரவேயில்லை. சின்னப் பிள்ளைகள் சோர்ந்துவிட்டனர். சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். பாவம், ஆடட்டும் என்று விட்டுவிட்டோம். பிள்ளைகளும் உற்சாகமாக ஓடினர். கடைசி நிமிடத்தில் இரு அணிகளும் சமநிலையில் இருந்தன. மஞ்சள் அணியில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பந்தைப் பிடித்துக்கொண்டு மூன்று அடி வைத்துக் கூடையில் போட்டாள். நாங்கள் ஊதினோம். கூடை செல்லாது என்றோம். அடுத்து நீல அணி கூடை போட்டு வென்றது.

அச்சிறுமி எங்களிடம் வந்தாள். "அக்கா, இதுக்கு முன்னாடியும் இதே மாதிரிதானே ஓடினேன்? அப்ப ஏன் ஊதலை?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எங்களிடம் விடை இல்லை. விசில் பிடித்த நாங்கள் இருவருமே நீல அணியைச் சேர்ந்தவர்கள் என்பதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அந்த அரையிறுதி நடுவரும் அப்படித்தான் சொல்லியிருப்பாரோ என்று அப்போதுதான் தோன்றியது.

அச்சிறுமி மறுநாள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நாலாம் நாள் அவள் வகுப்பு வாசலில் போய் நின்றோம். "நாங்கள் செய்தது தவறு. உன் கேள்விதான் சரி" என்றோம். அவள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மாலையில் தளத்துக்கு வந்தாள்.

அடுத்த ஆட்டத்துக்கு முன் இரு அணிகளையும் நடுவில் அழைத்தோம். "தள்ளுதல், பிடித்து இழுத்தல், பந்தோடு மூன்றாவது அடி வைத்தல், இம்மூன்றையும் முதல் நிமிடம் முதல் கடைசி நிமிடம் வரை ஊதுவோம்" என்று சொன்னோம். இம்முறை நீல அணியின் ஆட்டத்துக்கு நீலமல்லாத இருவர் நடுவராயினர். ஒவ்வொரு கால்பகுதியிலும் எத்தனை முறை ஊதினோம் என்று குறிக்க ஒருத்தியை அமர்த்தினோம். அந்தச் சிறுமியே அவள்! முதற்பாதியில் ஊதியது 11, பிற்பாதியில் 9 என்று அவள் தாளைக் காட்டியபோது எங்களுக்குக் கோப்பை வென்றது போலிருந்தது. முதலில் முணுமுணுத்த பிள்ளைகள், எதை ஊதுவோம் என்று தெரிந்ததும் அதற்கேற்ப ஆடக் கற்றுக்கொண்டனர்.

அந்நாட்களில் மற்றொரு ஆட்டத்தைப் பற்றியும் ஆசிரியை கூறினார். 2024 ஏப்ரல் 5 அன்று கிளீவ்லாந்து நகரில் நடந்த அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அரையிறுதியில், 3.9 வினாடிகளே மீதியிருந்தபோது கனெக்டிகட் அணியினர் ஒருவர் அசைந்தபடி ஸ்கிரீன் போட்டார் என்று பவுல் ஊதப்பட்டது. ஐயோவா 71–69 என்று வென்றது. அதுபோன்ற ஸ்கிரீன்கள் பலவற்றை நடுவர்கள் விட்டுவிடுவதுண்டே, கடைசி நொடியில் மட்டும் ஏன் என்று நாடெங்கும் வாதம் எழுந்தது. தோற்ற அணியின் பெய்ஜ் பெக்கர்ஸோ, ஒரே ஒரு முடிவால் ஓர் ஆட்டம் தோற்பதில்லை என்ற கருத்தையே கூறினார்.

அதைக் கேட்டு எங்கள் அரையிறுதியின் ஸ்கோர் தாளை எடுத்துப் பார்த்தோம். எங்களுக்குக் கிடைத்த பிரீ த்ரோ 14. கூடையில் விழுந்தவை 5. தோற்றது 2 புள்ளியில்! அதற்காக நடுவர் செய்தது சரியாகிவிடாது. ஆனால் எங்கள் கடிதத்தில் இந்த 14ம் 5ம் எங்குமே இல்லை.

சகோதரியிடம் சென்றோம். அவர் கேட்குமுன்பே, கடிதத்தைத் திருப்பித் தருமாறு வேண்டினோம். "அனுப்ப வேண்டாமா?" என்றார். "அனுப்ப வேண்டும் சிஸ்டர், ஆனால் இதை அல்ல" என்றோம். புதிய கடிதம் அரைப் பக்கமே. ஆட்டம் தொடங்குமுன் எத்தகைய தொடுதலை ஊதுவார்கள் என்று இரு அணித்தலைவியருக்கும் நடுவர்கள் சொல்ல வேண்டும். இடைவேளையில் நடுவர்கள் இருவரும் கலந்து பேசி அதே அளவைத் தொடர வேண்டும் என்று கேட்டிருந்தோம். சகோதரி படித்துவிட்டுத் தாமும் கையொப்பமிட்டார். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் இவ்வாண்டும் எழுதுவோம்.

திருக்குறளின் 12ஆம் அதிகாரத்துக்கு 'நடுவு நிலைமை' என்று பெயர். தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது அது நீதிபதிகளுக்கு உரியது என்று நினைத்தோம். வகுப்பில் பெயர் எழுதும் லீடருக்கும், தம்பிக்கு ஒன்று தங்கைக்கு ஒன்று என்று பங்கிடும் அக்காவுக்கும் அது உரியதுதான் என்று இன்று அறிகிறோம். அன்புத் தோழியரே, நாளை உங்கள் கையிலும் ஏதேனும் ஒரு விசில் வந்து சேரும். அதை ஊதும்போது எங்கள் ஏழாம் வகுப்புத் தங்கையின் கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் இவ்வாண்டு எங்கள் ஜூனியர் அணியில் ஆடுகிறாள். இப்போது இரண்டு அடிக்கு மேல் வைப்பதில்லை!