வண்டிக்குள் வந்த மணற்காடு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மண்வகைகளை அறிய விரும்புவோர், ஒருநாள் அதன் வீதிகளிலே மோட்டார் வண்டியிற் செல்லவேண்டும்; மறுநாள் அவ்வண்டியின் உட்புறத்தைத் துப்புரவு செய்யவேண்டும். முதலாவதைப் பலரும் செய்வர். இரண்டாவதைச் செய்யும் வாய்ப்பு எனக்குச் சென்ற விடுமுறையிலே கிடைத்தது.

பெரியப்பாவிடம் பழைய மொறிஸ் மைனர் வண்டி ஒன்று உண்டு. இவ்வகை வண்டி 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே முதன்முதலாக வெளிவந்தது. அதன் உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் யாழ்ப்பாணத்து வீதிகளில் அதனைக் காணலாம். 1990களிலே, போர்க்காலத் தடையினாற் பெற்றோல் அரும்பொருளானபோது, இத்தகைய பழைய வண்டிகளே மண்ணெண்ணெயில் ஓடி மக்களைச் சுமந்தன.

காலையிலே பருத்தித்துறை வீதி வழியே புறப்பட்டோம். நீர்வேலியிலே வாழைத் தோட்டங்களைக் கண்டதும் குழந்தைகள் இறங்கிச் செம்மண்ணில் ஓடினர். அடுத்து வந்தது மரநிழலற்ற வல்லை வெளி. காற்று ஆளைத் தள்ளும் அவ்வுவர்நிலத்திலே பறவைகளைப் பார்க்கச் சிறிது நேரம் நின்றோம். பின்னர் நெல்லியடியையும் பருத்தித்துறையையும் கடந்து மணற்காட்டை அடைந்தோம். அங்கே மணற்குன்றுகளுக்கு நடுவே பழைய தேவாலயம் ஒன்று இடிந்து, பாதி புதைந்து கிடக்கின்றது. ஒவ்வொரு மணியாகக் காற்றுக் கொணர்ந்த மணல் ஒரு கோயிலையே மூடிவிட்டதே என்று வியந்தபடி வீடு திரும்பினோம்.

மறுநாட் காலை, பெரியப்பா வண்டியை மாமர நிழலில் நிறுத்திக் கதவுகளையெல்லாம் திறந்துவைத்தார். நான் ஈரத்துணியுடன் சென்றேன்.

“தம்பி, முதலிலை காய்ஞ்ச மண்ணை எடுக்க வேணும். ஈரம் பட்டால் செம்மண் சேறாகிச் சீற்றிலை ஊறிப்போடும்” என்று அவர் தடுத்தார்.

கால்விரிப்புகளை வெளியே எடுத்துத் தும்புத்தடியின் காம்பினால் அடித்தோம். பின்னர் தூசு உறிஞ்சும் இயந்திரத்தைக் கொண்டு முதலிற் கூரையின் உட்புறம், அடுத்து இருக்கைகள், ஈற்றிலே தளம் என்று மேலிருந்து கீழாக வந்தோம். மேலே கலைந்த தூசு கீழேதானே படியும்? இருக்கைத் தையல்களின் இடுக்குகளுக்கு ஒடுங்கிய குழாயைப் பொருத்தினோம்.

இவ்வியந்திரத்தின் கதையும் ஓர் இருக்கையுடன் தொடர்புடையது. 1901இல் இலண்டனிலே ஹியூபேட் சிசில் பூத் என்னும் பொறியியலாளர், காற்றை ஊதித் தூசகற்றும் கருவியொன்றைக் கண்டார். ஊதிய தூசு மீண்டும் படிவதைக் கண்டு, உறிஞ்சினால் என்ன என்று எண்ணினார். உணவகத்து நாற்காலியொன்றின்மேற் கைக்குட்டையை விரித்து, வாயினாலேயே உறிஞ்சிப் பார்த்தார். மூச்சுத் திணறிற்று; ஆனால் கைக்குட்டையின் அடிப்புறத்திலே தூசு ஒட்டியிருந்தது. அவர் அமைத்த முதல் இயந்திரமோ, குதிரை பூட்டி இழுக்கவேண்டிய அத்துணைப் பெரியது!

எங்கள் வண்டியின் தளத்திலே முன்னாட் பயணம் தலைகீழாகக் கிடந்தது. மேலே மணற்காட்டு வெண்மணல். அதன்கீழே வல்லை வெளியின் சாம்பல் நிறப் புழுதி. அடியிலே நீர்வேலிச் செம்மண். ஆனால் பின்னிருக்கையின் முன்னே ஒட்டியிருந்த கம்பளத்தைத் தூக்கியதும் பெரியப்பாவின் முகம் வாடியது. அங்கே பழைய கடல் மணல் ஈரமாகத் தங்கியிருந்தது. விரலால் அழுத்தினார், துருவேறிய தகடு பொடிந்து, ஒரு நாணயமளவு துவாரம் விழுந்தது.

மணலைக் காட்டிலும் அதனோடு வரும் உப்பே கொடியது. அது காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை ஓயாமல் நனைத்துக்கொண்டிருக்கும். இவ்வண்டிக்கோ தனிச் சட்டகம் இல்லை; உடலும் தளமும் ஒன்றாகவே பாரம் தாங்குகின்றன. தளம் உக்கினால் வண்டியின் வாழ்வும் முடியும்.

“சண்டைக்குள்ளை தப்பின காரை ஒரு பிடி மண்ணுக்குக் குடுக்கேலாது” என்றார் பெரியப்பா.

மணலை முற்றாக உறிஞ்சிய பின்னர், இயந்திரத்தால் எடுக்கவியலாத உப்பை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியினால் மும்முறை துடைத்தோம். கதவுகளை மூடாமல் மாலைவரை உலரவிட்டோம். துவாரத்துக்குப் புதுத் தகடு மறுவாரம் ஒட்டப்பட்டது.

அதன் பின்னர் காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குச் சென்றோம். திரும்பும் வேளையிலே பெரியப்பா வண்டியின் வாசலிற் சாக்கொன்றை விரித்தார். ஒருவரும் சொல்லாமலே, முதலில் அப்பாச்சி தம் சேலைத் தலைப்பை உதறினார். குழந்தைகள் வரிசையாக நின்று கால்களைத் தட்டிக்கொண்டனர்.