பெரியவரைக் காக்க வைத்தோம்

நம்ம பஜனைக் குழு ஐயாவுக்கு இப்போ மூச்சு முன்ன மாதிரி இல்லை. தைப்பூசத்துக்குள்ள அவர் குரலைப் பதிவு பண்ணிடணும்னு நினைச்சோம்.

போன வாரம் கீபோர்டை யுஎஸ்பி கேபிள்ல கம்ப்யூட்டரோட இணைச்சோம். ஒரு கட்டையைத் தொட்டா ரெண்டு சத்தம். எடிட்டரைத் திறந்தா ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கு கீபோர்டே தெரியலை. ஐயா ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துட்டு, "பரவாயில்லப்பா"ன்னு கிளம்பிட்டாரு. எங்களுக்கு மனசே ஆறலை.

பிறகுதான் புரிஞ்சுது. அந்தக் கேபிள்ல போனது மிடி மட்டும்: எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம்ங்கிற தகவல். சத்தத்துக்கு ரெண்டு ஆடியோ வயர் தனியா போகணும். 'லோக்கல் கண்ட்ரோல்' ஆஃப் பண்ணினதும் இரட்டைச் சத்தம் நின்னுச்சு. பூசைக்கு வாசிக்கும்போது மறக்காம ஆன் பண்ணணும். எங்க விண்டோஸ்ல மிடி போர்ட்டை ஒரு நேரத்துல ஒரு சாஃப்ட்வேர்தான் பிடிக்குது. அதனால எடிட்டர்ல நாதஸ்வர டோனைச் சரிசெய்து, கீபோர்டிலேயே சேவ் பண்ணி, எடிட்டரை மூடிட்டுத்தான் ரெக்கார்டிங்கைத் திறந்தோம்.

நேத்து ஐயா வந்தாரு. ஒரே தடவைதான் பாட முடிஞ்சுது. முழுசா பதிவாயிருச்சு.

மற்ற கோயில் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெரியவங்களைக் கூப்பிடுறதுக்கு முதல் நாளே எல்லாத்தையும் இணைச்சுப் பார்த்துடுங்க. முருகா சரணம்.